இடது முன் சக்கரத்துக்கு மூன்று சொட்டு எண்ணெய்

மார்ச் 2

அம்மாடி மருமகளே,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உன் புருவம் மேலே போயிருக்கும். ஐந்து மாதமாக வாய் திறக்காத மாமியாருக்கு இப்போது என்ன வந்தது என்று நினைத்திருப்பாய். எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது! அதுவும் முதல் தடவையிலேயே. "இந்த வயசுல இவ்வளவு நேரா ரிவர்ஸ் எடுத்தவங்களை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் பரீட்சை வைத்தவர். நாற்பது வருஷமாக நேர்த்தையல் போடுகிறவளுக்கு நேராக ரிவர்ஸ் எடுக்க வராதா?

"அறுபது வயசுல உங்களுக்கு எதுக்கு ஸ்டியரிங்? காரை வித்துடலாம்" என்று நீ சொன்னாயே, அன்றைக்கே போய் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டேன். நானும் சும்மா இருக்கவில்லைதான். "பிரேக் கத்துறதைக் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டேன். போனை யார் முதலில் வைத்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நீதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பிரசவத்துக்கு ஏப்ரல் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்களாம். உன் புருஷன் கப்பலை விட்டு இறங்க மே மாதம் ஆகிவிடுமாம். உன் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம், பஸ் ஒரு நாளைக்கு இரண்டு. இவ்வளவும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நம்ம காரை ஓட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். பின் சீட்டில் தையல் மிஷினும் வரும். நேரம் வரும்போது வாசலில் கார் நிற்க வேண்டும், அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடைஞ்சல். கார் கத்துகிறது. நான் தெருமுனை திரும்பும்போதே என் மாடிக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார். தெருப் பிள்ளைகள் எனக்கு விசிலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெக்கானிக் 'பத்து நிமிஷ'த்தை உனக்கு ஞாபகம் இருக்கும், எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷம்மா" என்பாரே, அவரேதான். சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, "எல்லாக் காரும் கத்தத்தான்மா செய்யும்" என்று அனுப்பிவிட்டார்.

பிரேக் கம்பெனியில் சத்தத்தைக் கேட்டுக் கோளாறு சொல்வதுதானே உன் வேலை. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், என்ன செய்யட்டும்?

உன் அத்தை

*

மார்ச் 6

அத்தைக்கு,

லைசென்ஸ் வாங்கியதற்கு வாழ்த்துகள். போனை முதலில் வைத்தது நான் இல்லை.

நீங்கள் சிரமப்பட வேண்டாம். பக்கத்து வீட்டில் இருக்கும் கிடங்கு மேலாளர் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வெளியூர் போயிருந்தால் ஆம்புலன்ஸ் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது. அதில் கடைசிப் பகுதி பதினெட்டு வளைவுள்ள மலை இறக்கம். லைசென்ஸின் மை காயும் முன் அதில் இறங்க வேண்டாம்.

ஆனால் கத்துகிற காரை நீங்கள் உள்ளூரில் ஓட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. அதனால் கேட்கிறேன். எந்தச் சக்கரத்தில் வருகிறது? மிதிக்கும்போது கத்துகிறதா, சும்மா ஓடும்போது கத்துகிறதா? மிதித்தால் கூடுகிறதா, நிற்கிறதா? கீச்சென்று மெல்லிய சத்தமா, கரகரவென்று இரும்பு உரசுகிற சத்தமா? தோராயமாக எழுதாதீர்கள். சட்டைக்கு அளவெடுக்கும்போது எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள்.

காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற இந்த வேலையைத்தான் ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். கேட்டதால் சொல்கிறேன்.

மருமகள்

*

மார்ச் 10, திங்கள்

மருமகளே,

கோபத்திலும் உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என் மகன் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

நீ கேட்டபடி அளவெடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை தெருவில் யாரும் இல்லாத நேரத்தில் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, சுவர் ஓரமாகவே ஓட்டினேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டது. இடது பக்கம், முன் சக்கரம். மெல்லிய கீச்சுதான், இரும்பு உரசல் இல்லை. சும்மா ஓடும்போது வருகிறது, வேகம் கூடினால் அதுவும் அவசரப்படுகிறது. ஒரு வேடிக்கை கேள், பிரேக்கை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது! காலை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. இதை ஆறு தடவை செய்து பார்த்தேன், ஆறு தடவையும் அப்படியே. உன் வேலையைப் பற்றி நான் சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன். இது லேசான வேலை இல்லை போலிருக்கிறது. காது வலிக்கிறது.

இனி நீ கவலைப்படாதே. மருந்தும் நானே கண்டுபிடித்துவிட்டேன்! கீச் கீச் என்று கத்துகிற எத்தனை மிஷினை என் கையால் அடக்கியிருக்கிறேன்! நேற்று மிஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய், சக்கரத்தின் இடுக்கு வழியாக மினுமினுக்கிற அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று சொட்டு விட்டேன். காரை முன்னும் பின்னும் ஒரு அடி தள்ளி, எண்ணெயை நன்றாகப் பரவ விட்டேன். ஒரு முனகல்கூட இல்லை! மிஷினுக்கு எண்ணெய் விட்டால் நாலு நாள் ஊற விட்டுத்தான் துணி வைப்பேன். அதேபோல் இதுவும் ஊறட்டும். வியாழக்கிழமை காலை என் தையல் கடையைத் திறக்கும் முன் ஒரு சுற்றுப் போய்வருவேன்.

வராதே என்று நீ எழுதிய பத்தியை நான் படிக்கவில்லை.

உன் அத்தை

*

மார்ச் 13, வியாழன்

அத்தை,

கடிதம் காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்தது. எட்டு ஒன்றுக்கு உங்களுக்குப் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்தேன். பிறகு கீழே மருந்துக்கடைக்காரருக்கு அடித்து, "அத்தையை வண்டி எடுக்க விடாதீங்க, ஓடுங்க" என்று கத்தினேன். என் அறையில் எல்லாரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் பத்திரம் என்று அவர் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை, மிஷினில் எல்லாம் வழுக்கி ஓட வேண்டும். பிரேக்கில் எதுவுமே வழுக்கக் கூடாது. அந்தத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிற கட்டைகளுக்குத்தான் பேட் என்று பெயர். கையில் எண்ணெயோடு ஓடுகிற கயிற்றைப் பிடித்துப் பாருங்கள், அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

அந்தக் கீச்சுச் சத்தம் கோளாறே இல்லை. பேட் தேய்ந்து மெலிந்துபோனால் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். மிதித்தால் அடங்கும், விட்டால் கத்தும். நீங்கள் எழுதியது அச்சு அசலாக அதுதான். இங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் கழித்தும் இவ்வளவு சரியாக எழுதுவதில்லை. அவ்வளவு அழகாகக் கேட்டுவிட்டு, எச்சரிக்கை செய்ததன் வாயில் எண்ணெயை ஊற்றி அடக்கிவிட்டீர்களே!

இப்போது கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணெய் குடித்த பேட் இனி எதற்கும் உதவாது, துடைத்தாலும் உதவாது. வலதுபக்கம் நன்றாக இருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதுவரை கார் ஒரு அங்குலம் நகரக் கூடாது.

ஏன் அத்தை போனை எடுக்கவில்லை?

மருமகள்

*

மார்ச் 16

அம்மாடி,

வீம்பு. வேறு என்ன சொல்ல? போன் அடிக்க அடிக்க உன் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கி வரட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. பதினோராவது தடவை அடித்தபோதுதான், ஐயோ பிள்ளைக்கு ஏதாவதோ என்று தோன்றியது. எடுக்கலாம் என்று கை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. சரி, ஓட்டிக் காட்டிவிட்டு நானே கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்லலாம் என்று கீழே இறங்கிவிட்டேன்.

மருந்துக்கடைக்காரர் உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் காரை எடுத்து இருபது அடி போய்விட்டேன். அவர் கடையிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் கையாட்டினேன். பிறகுதான் அவர் முகம் தெரிந்தது. மிதித்தேன். இடது பக்கம் பிடிக்கவே இல்லை, வலது மட்டும் பிடித்தது. கார் திரும்பி அவர் கடைப் படியைப் பார்த்துப் போனது. கை பிரேக்கை இழுத்தேன் பார், படிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நடை வேகத்தில் போனதால் தப்பித்தேன். இதே மலையாக இருந்திருந்தால்? உன்னைக் கூட்டிப்போகத்தானே இந்தக் காரே.

அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மருமகள் சொன்னாத்தான் திருப்பித் தருவேன்" என்கிறார். நாலு நாளாக எனக்கு இருமல் மருந்து கொடுக்கிறார், சாவி கொடுக்க மாட்டேன் என்கிறார்.

உன் வேலையைப் பற்றி நான் பேசியது தப்பு. தப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

இப்போது வேலையைப் பார்ப்போம். 'பத்து நிமிஷம்' வந்து இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றினார். பழைய பேட்டை ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது. அவர் கடையிலிருந்து மூன்று பெட்டி கொண்டுவந்து என் வெட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தடவிப் பார்த்தேன். ஒன்று கம்பளி அட்டை மாதிரி மெத்தென்று, நார் நாராக இருக்கிறது. இரண்டாவதில் இரும்புத் தூள் மினுக்குகிறது, முரட்டுக் கித்தான் மாதிரி. மூன்றாவது செராமிக்காம், விலையும் கூட, பட்டு மாதிரி இருக்கிறது. சத்தமே வராது, தூசியும் விழாது என்கிறார். எனக்கு அதன் மேல்தான் கண். ஆனால் அது வேறு மாடல் காருக்கு வந்ததாம். "ஓரத்தை அரத்தால கொஞ்சம் ராவிட்டாப் பொருந்திடும்மா, பத்து நிமிஷம்" என்றார். பெரிய சட்டையைப் பிடித்துத் தைக்கிற மாதிரிதானே? சரியென்று சொல்லட்டுமா? இனி உன்னைக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூடத் திருக மாட்டேன்.

உன் அத்தை

*

மார்ச் 20

அன்புள்ள அத்தை,

கொட்டை எழுத்தைப் பார்த்தேன். கடிதத்தை மடித்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நானும் ஒன்று சொல்ல வேண்டும். அறுபது வயதில் எதற்கு ஸ்டியரிங் என்று நான் கேட்டது உங்களைத் தாழ்த்த இல்லை, பயத்தில். ஆனால் கேட்ட விதம் அசிங்கம். மன்னித்துவிடுங்கள்.

ராவ வேண்டாம்! பிரேக்கில் ஆல்டரேஷன் கிடையாது. உங்கள் கார் மாடலுக்கென்று செய்ததைத்தான் போட வேண்டும். ஓரம் ராவிய பேட் காலிப்பருக்குள், அதாவது அதைப் பிடித்திருக்கிற அந்த இரும்புக் கூட்டுக்குள், ஒன்று சிக்கிக்கொள்ளும், இல்லை ஆடும். அந்தப் பட்டுப் பேட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கம்பளி அட்டை நல்லதுதான். சத்தம் போடாது, டிஸ்க்கையும் தேய்க்காது. தெருவுக்குள் ஓட்ட அது போதும். ஆனால் நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறினால் பிடி தளர்ந்துவிடும். பின்னால் தையல் மிஷின், கீழே பதினெட்டு வளைவு. எனக்கு அது வேண்டாம்.

முரட்டுக் கித்தானை எடுங்கள். சூட்டுக்கு அசராது. அதில் குறை ஒன்று உண்டு. காலைக் குளிரிலும், நிற்கப்போகும் கடைசி இரண்டடியிலும் ஒரு சின்னக் கீச்சு வரும். தெருப் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாள் விசிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பரவாயில்லையா?

டிஸ்க்கைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டின் முதுகிலும், காலிப்பர் நகர்கிற ஊசிகளிலும் மட்டும் அதற்கென்று இருக்கிற பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். டிஸ்க்கை உரசுகிற முகத்தில் படவே கூடாது. மாட்டியதும் பெடலை இறுகும்வரை மிதித்துவிட்டுத்தான் காரை நகர்த்த வேண்டும். பிறகு ஆள் இல்லாத ரோட்டில் ஐம்பதில் போய் பத்துக்குக் குறையுங்கள். முழுசாக நிறுத்தாதீர்கள். இடைவெளி விட்டு இருபது தடவை. அப்போதுதான் பேட் டிஸ்க்கோடு பழகும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

'வாருங்கள்' என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? கிடங்கு மேலாளரை ஏப்ரல் முழுக்க வெளியூர் அனுப்புகிறார்கள். ஆம்புலன்ஸைக் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். வாருங்கள் அத்தை. சாவியைக் கொடுக்கச் சொல்லி மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 29

என் கண்ணு,

ஆகக் கடைசியில் ஒரு இடத்தில் பிசுக்கு போடத்தான் வேண்டும், நான் போட்ட இடம்தான் தப்பு! இதை மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி, சாவியைத் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டேன்.

நேற்று மாட்டியாகிவிட்டது. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். 'பத்து நிமிஷம்' கிரீஸ் டப்பாவை எடுத்தபோதெல்லாம், "முகத்துல படக்கூடாது" என்றேன். ஏழாவது தடவை, "அம்மா, நீங்களே போடுங்க" என்று பிரஷை நீட்டிவிட்டார். போட்டேன்! ஒரு பக்கம் முழுக்க நானே போட்டேன். மூன்று மணி நேரம் ஆனது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே வேலையில் நின்றது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இன்று காலை விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் நீள ரோட்டில் இருபது தடவை பழக்கினேன். வேகமாகப் போவேன், மெதுவாவேன், மறுபடி வேகமாகப் போவேன். ஒரு போலீஸ்காரர் பன்னிரண்டு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு வழிமறித்து, "என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்றார். "புது பேட், பழக்கிட்டிருக்கேன். மருமக சொல்லியிருக்கா, அவ பிரேக் கம்பெனியில பெரிய ஆளு" என்றேன். மிச்சம் எட்டையும் அவரே நின்று எண்ணிச் சொன்னார்.

மிதித்தால் நிற்கிறது மருமகளே! வில்லுப் போல நிற்கிறது என்று சொல்லலாமா தெரியவில்லை, அப்படி நிற்கிறது. கடைசி இரண்டடியில் நீ சொன்ன கீச்சும் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கத்திவிட்டுப் போகட்டும், எனக்கு அது மலையில் பிடித்தால் போதும்.

நாலாம் தேதி கிளம்புகிறேன். அன்று சாயங்காலம் மலை உச்சி விடுதியில் தங்கிவிட்டு, ஐந்தாம் தேதி காலை வெளிச்சம் வந்ததும் இறங்குவேன். ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன். இது வீம்பு இல்லை, பத்திரம்.

உன் அத்தை

*

ஏப்ரல் 5, காலை ஆறு ஐம்பது

அத்தை,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீங்கள் மலையில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஐந்து மணிக்கு வலி ஆரம்பித்துவிட்டது. பதின்மூன்று நாள் முன்னதாக. முதலில் பொய் வலி என்று நினைத்தேன். இப்போது ஆறு நிமிஷத்துக்கு ஒன்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், வேறு ஊருக்குப் போயிருக்கிறதாம், திரும்பி வர ஒன்றரை மணி நேரமாம். உங்களுக்குப் போன் அடிக்க எடுத்தேன், வைத்துவிட்டேன். அடித்தால் நீங்கள் அவசரப்படுவீர்கள். அவசரப்படாதீர்கள் அத்தை. இரண்டாவது கியர்.

பையை வாசலில் வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

ஏழு மணி. வலி இப்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். பால் வண்டி போனது, அதன் பின் பிரேக் ஒன்று சரியில்லை. கம்பெனி பஸ் போனது.

ஏழு பன்னிரண்டு. குடியிருப்பு வளைவில் ஒரு கார் திரும்புகிறது. வேகம் குறைகிறது. சத்தமே இல்லை. நீங்கள் இல்லை போலிருக்கி

கீச்!

கடைசி இரண்டடியில்! உலோகம் கலந்த பேட், புதுசு! ஒன்பது வருஷத்தில் ஒரு பிரேக் கத்தியதைக் கேட்டு நான் அழுதது இல்லை. கதவைத் திறக்கப் போகிறேன்

*

ஏப்ரல் 6, அதே காகிதத்தின் பின்பக்கம்

அம்மாடி,

துணி எடுக்க உன் வீட்டுக்குப் போனபோது மேஜையில் இது கிடந்தது. நின்றபடியே படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய், எழுப்ப மனசு வரவில்லை. அதனால் இதிலேயே பதில் எழுதுகிறேன். நமக்கு இது பழகிவிட்டது.

நேற்று நாற்பது நிமிஷ ரோட்டை நாற்பத்திரண்டு நிமிஷத்தில் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நீ என் தோளைப் பிடித்து நசுக்கினாய், அங்கே நீலம் பாரித்திருக்கிறது. நடுவில் ஒரு மாடு குறுக்கே வந்ததே, நீ கண்ணை மூடியிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். மிதித்தேன். நேராக, இம்மிகூடத் திரும்பாமல் நின்றது. மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். நீ எடுத்துக் கொடுத்த பேட், நான் தடவிய கிரீஸ். எட்டு நிமிஷம் தாமதித்திருந்தால் காரிலேயே பிறந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

உன் மகள் என் மடியில் இருக்கிறாள். உன் மூக்கு, என் மகனின் காது. இதோ எழுந்துவிட்டாள், முகம் சிவக்கிறது, வாயைத் திறக்கிறாள். கத்துகிறாள் பார், மெல்லிய கீச்சு, நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறாள்! எதற்குக் கத்துகிறாள் என்று நீதான் எழுந்து கேட்டுச் சொல்ல வேண்டும், அது உன் வேலை. நான் எதுவும் செய்ய மாட்டேன். எண்ணெய்ப் புட்டியை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

உன் அத்தை